ஆடு தின்றதையும் எழுதுங்கள்

அந்த ஆள் நடிக்கிறான் என்றுதான் நான் நம்பினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் இடையில் எனக்குச் சாதகமாக ஏதாவது காரணம் சேர்த்துக்கொள்வேன், எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில், கடலூர் ரோட்டு ஓரத்தில், பட்டப்பகலில், கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவரைச் சுற்றி நாலு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர் கை நடுங்கியது. மூக்கு நுனியில் வியர்வை நின்றது. நான் இரண்டடி தள்ளி, என் கடைத் தராசைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவருடைய நடிப்புக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். நடுக்கம் பிரமாதம். ஆனால் இவ்வளவு சீக்கிரம் கண் கலங்கக் கூடாது, அதைச் சோதனை முடிகிற நேரத்துக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவன். வருமான வரி கட்டுகிறவன்.

நான் சொல்ல வந்தது அந்த ஆளைப் பற்றி இல்லை, அந்த அம்மாவைப் பற்றி. ஆனால் இந்த ஆளைச் சொல்லாமல் அந்த அம்மாவைச் சொல்ல முடியாது.

பாகூர் கடைத்தெருவில் எனக்கு மளிகைக் கடை. ஒருநாள் காலையில் கடை வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. நான் எந்தத் தப்பும் செய்திருக்கவில்லை. இருந்தாலும் என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்து உள்ளே போய், பொன்னி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டன. காக்கியைப் பார்த்தால் என் உடம்பு அப்படித்தான், தனியாக முடிவெடுக்கும். கல்லாவில் இருந்த என் மனைவி, வந்தவர்களிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்:

"உள்ள தாங்க கீறாரு. மூட்டைக்குப் பின்னாடி."

வெளியே வந்தேன். குள்ளமாக ஒரு அம்மா நின்றிருந்தார். இன்ஸ்பெக்டர் உடுப்பு, வெளுத்துப்போனது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. சட்டைப் பையில் இரண்டு நீலப் பேனா. கையில் சின்ன நோட்டு.

"எதுக்கு ஒளிஞ்சீங்க?"

"ஒளியல மேடம். மூட்ட எண்ணிக்கினு இருந்தேன்."

"எத்தனை மூட்டை?"

நான் திரும்பி மூட்டைகளைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டில் என்னவோ எழுதினார். பிறகு என் எலக்ட்ரானிக் தராசைத் திருப்பிப் பார்த்து, எடையளவு ஆபீஸ் முத்திரை இந்த வருஷத்துடையதா என்று பார்த்து, அதையும் எழுதினார். இரண்டு நாள் கழித்து அந்த நோட்டை எட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அதில் இப்படி இருந்தது: 'கடைக்காரர் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றார். காரணம் கேட்டதற்கு மூட்டை எண்ணியதாகச் சொன்னார். எண்ணிக்கை கேட்டதற்குப் பதில் இல்லை. தராசு நல்ல நிலையில் உள்ளது.'

என்னைப் பற்றி இதுவரை யாரும் இவ்வளவு சரியாக எழுதியதில்லை.

அவர் காரைக்காலிலிருந்து வந்திருந்தார். வில்லியனூர், திருபுவனை, பாகூர் பக்கத்து ஸ்டேஷன்களிலிருந்து பதினைந்து பேரைச் சேர்த்து, போதைப் பொருள் வழக்கை எப்படி விசாரிப்பது என்று மூன்று நாள் வகுப்பு. பாகூருக்குப் பக்கத்திலேயே ஒரு சமுதாயக் கூடத்தைப் பிடித்திருந்தார்கள். பிடிபட்ட சரக்கை எடை போட வெளி ஆள் ஒருவரும் முத்திரை வைத்த தராசும் வேண்டும். எடை போட்டவன்தான் சாட்சிக் கையெழுத்தும் போட வேண்டும். அதற்குத்தான் நான்.

பதினைந்து பேரில் முக்கால்வாசிப் பேர் சப்-இன்ஸ்பெக்டர், ஏட்டு. எல்லோருக்கும் தொப்பை, எல்லோருக்கும் இருபது வருஷ சர்வீஸ். நமக்கு இன்னா புதுசா சொல்லிக் குடுக்கப் போறாங்க என்கிற முகத்தோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார்கள். முதல் நாள் காலைச் சிற்றுண்டித் தட்டை மேஜைமேல் வைத்து, இது என்ன என்று கேட்டார் அந்த அம்மா. இட்லி என்றார்கள்.

"எப்படித் தெரியும்?"

பார்த்தாலே தெரிகிறதே என்றார்கள். அவர் தலையாட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. வெள்ளையாக, வட்டமாக, ஆவி வரும் நாலு பொருள் என்று போர்டில் எழுதினார். சாப்பிட்டுப் பார்த்த பிறகு, சாப்பிட்டவர் பெயரைப் போட்டு, அவர் இட்லி என்று சொன்னார் என்று எழுதினார். அதற்குள் இட்லி ஆறிவிட்டது. பஸ்ஸில் ஒருவனைப் பிடித்து, பையைத் திறந்ததும் கஞ்சா இருந்தது என்று எழுதக் கூடாதாம். காய்ந்த இலையும் பூவும் விதையும் கலந்த ஒன்று இருந்தது என்றுதான் எழுத வேண்டுமாம். சோதனைப் பெட்டியில் போட்டு நிறம் மாறிய பிறகுதான் அதற்குப் பெயர். அதற்குப் பிறகு மூன்று நாளும் போலீஸ்காரர்கள் என் காதில், 'டீ என நம்பப்படும் திரவம் வந்துடுச்சிணா' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா காதில் விழுந்தால் அதையும் எழுதிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

செய்முறைப் பயிற்சியில்தான் சிக்கல் வந்தது. அக்யூஸ்ட் வேஷம் போட யாரும் தேறவில்லை. ஏட்டு ஒருவரை நிறுத்தி, மற்றவர்கள் சுற்றி வளைத்து அதட்டியதும், அவர் விறைப்பாக நின்று "யெஸ் சார்" என்றார். இன்னொருவர் சல்யூட் அடித்தார். கஞ்சா கடத்துகிறவன் இவ்வளவு ஒழுக்கமாக இருந்தால் நாட்டுக்குப் பிரச்சினையே இல்லை. கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இரண்டு நாளில் ஒன்பது தடவை கைதானேன். மயங்கி விழுந்தேன். சுவரேறி ஓடினேன். என் பொண்டாட்டிதான் வச்சா என்று சொன்னேன். எங்கள் வீட்டு முருங்கை இலையைக் காயவைத்து, பொட்டலம் கட்டி, நானே இடுப்பில் செருகிக்கொண்டு, பிடிபட்ட பிறகு நானே அதை எடை போட்டு, சாட்சியாகவும் நானே கையெழுத்துப் போட்டேன். அக்யூஸ்டும் சாட்சியும் ஒரே ஆளாக இருந்த வழக்கு உலகத்தில் அதுதான் என்று சொல்லிச் சிரித்தேன். அந்த அம்மா எழுதினார்: 'சாட்சி சிரித்தார்.'

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், பிறகு அதுதான் தேவைப்படும். ஒருவருடைய உடம்பைச் சோதிப்பதற்கு முன்னால் போலீஸ் அவரிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். உன்னை ஒரு மாஜிஸ்திரேட்டோ கெசட்டட் ஆபீசரோ பக்கத்தில் இருக்கும்போதுதான் சோதிக்க வேண்டும் என்று கேட்க உனக்கு உரிமை இருக்கிறது, அப்படி வேண்டுமா, வேண்டாமா என்று. அவருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். அவராகவே பதில் சொல்ல வேண்டும். இதில் கோளாறு நடந்தால் அப்புறம் உடம்பிலிருந்து மலையளவு சரக்கை எடுத்தாலும் கோர்ட்டில் நிற்காது.

ஒன்பது தடவையும் நான், "வேணாம் சார், நீங்களே பாத்துக்குங்க" என்றேன். வேணும் என்று சொன்னால், ஒருவர் கெசட்டட் ஆபீசர் வேஷம் போட்டுக் கூடத்தைச் சுற்றி நடந்து வர வேண்டும். அதற்குள் சாப்பாடு ஆறிவிடும்.

"ஒவ்வொரு தடவையும் வேணாம்னே சொல்றீங்க" என்றார் அந்த அம்மா.

"பசிக்குது மேடம்."

அவர் வகுப்பின் பக்கம் திரும்பி, இவர் பசியால் வேண்டாம் என்கிறார், நிஜ ஆள் எதனால் வேண்டாம் என்கிறான் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்டார். பதினைந்து பேரும் சாப்பாட்டுப் பாத்திரங்களைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பசி.

இரண்டாம் நாள் மத்தியானம் ஆடு வந்தது.

கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் பயிற்சி. என் இடுப்பிலிருந்து எடுத்த மூன்று பொட்டலங்களையும் பெஞ்சில் பிரித்து வைத்திருந்தார்கள். வில்லியனூர்ப் பக்கத்து சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் மகஜர் எழுதிக்கொண்டிருந்தார். மகஜர் என்பது, அந்த இடத்தில் என்ன நடந்தது, என்ன கிடைத்தது என்று அங்கேயே உட்கார்ந்து எழுதிச் சாட்சியின் கையெழுத்து வாங்குகிற தாள். அவருக்கு நாற்பது வயதிருக்கும். கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளை, முத்து முத்தான கையெழுத்து. இத்தனை வருஷத்தில் தன் பெயர் சொல்கிற மாதிரி ஒரு வழக்கும் அமையவில்லை என்று முதல் நாளே என்னிடம் சொல்லி வருத்தப்பட்டவர். அவர் தலை குனிந்து எழுதும்போது ஒரு கருப்பு ஆடு வந்து இரண்டாவது பொட்டலத்தைத் தின்றது. நாங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஆடு அவசரப்படாமல் தின்றது.

அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றிருந்தார். ஒரு பயிற்சி நடக்கும்போது நடுவில் பேச மாட்டார், அது அவருடைய வழக்கம். எல்லாம் முடிந்த பிறகு வந்து தாளை வாங்கிப் படித்தார். அதில் மூன்று பொட்டலம் என்று இருந்தது.

"ஆடு?"

"அது... பயிற்சி தானே மேடம்."

"ஆடு தின்னதையும் எழுதுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் எழுதினார். கருப்பு நிற ஆடு ஒன்று வந்து பொட்டலம் எண் இரண்டைத் தின்றுவிட்டது, தடுக்க முயன்றும் முடியவில்லை.

"தடுக்க முயன்றீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆட்டைப் பார்த்தேன்.

"இல்ல மேடம். சிரிச்சிக்கினு இருந்தோம்."

"அப்ப அதை எழுதுங்க."

அவர் அடித்துவிட்டு எழுதினார்: 'தடுக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தோம்.' அடித்த இடத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட வைத்தார் அந்த அம்மா. நானும் போட்டேன். ஆட்டிடம் மட்டும் வாங்கவில்லை.

அன்று சாப்பிடும்போது அவருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. நான் சும்மா இருக்க மாட்டேன். இப்படியே எழுதிக்கொண்டிருந்தால் ஒரு கேசாவது ஜெயிக்குமா மேடம் என்று கேட்டுவைத்தேன். அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். ரொம்ப நேரம் பிசைந்தார்.

"ஒரு தடவை நடக்காததை எழுதினேன்" என்றார். "ஒரு வரிதான்."

"மாட்டிக்கினீங்களா மேடம்?"

"இல்ல. தண்டனை ஆச்சு."

"யாருக்கு?"

"அவனுக்குத்தான். பத்து வருஷம்."

நான் அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கடிக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை, கடித்தால் சத்தம் வரும். அவன் நிஜமாகவே தப்புச் செய்தவனா என்று கேட்டேன்.

"தெரியல" என்றார். "நான் எழுதிட்டதால இனிமே தெரியாது."

மோர் வந்தது. அவர் கையைக் குழித்து வாங்கிக் குடித்தார். அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது. பிறகு ஒருபோதும் அதை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அந்த அம்மாவும் நாலு பேரும் அவசரமாக ஜீப்பில் ஏறினார்கள். "ணா, தராசு எடுத்துக்கினு ஏறுணா" என்றார் அந்த சப்-இன்ஸ்பெக்டர். இன்றைக்கு அக்யூஸ்ட் நான் இல்லையா என்று கேட்டேன். இல்லை, நீங்கள் எடை மட்டும் என்றார். எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. ஒன்பது தடவை நடித்தவனை விட்டுவிட்டு, கடைசி நாள், ரோட்டோரத்தில், ஜனங்கள் பார்க்கிற இடத்தில் நடிக்க வெளி ஆளைக் கொண்டுவந்துவிட்டார்களே என்று ஜீப் முழுக்க அதே நினைப்பு. தகவல் வந்திருக்கிறது, நிஜமாகவே ஒருவன் பஸ்ஸில் வருகிறான் என்று எனக்குச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

கடலூர் பஸ் வந்தது. கட்டம் போட்ட சட்டை இறங்கியது. முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு டிபன் பாக்ஸ் மட்டும். பிடித்தார்கள். அந்த அம்மா வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். சப்-இன்ஸ்பெக்டர் முறைப்படி முதலில் தன் பைகளையும் மற்றவர்கள் பைகளையும் திறந்து காட்டி, எங்களிடம் ஒன்றுமில்லை பார் என்றார். பிறகு அந்த உரிமையை ஒப்பித்தார். மாஜிஸ்திரேட் அல்லது கெசட்டட் ஆபீசர் முன்னிலையில், வேண்டுமா, வேண்டாமா. இரண்டு நாள் பாடம், ஒரு சொல் விடாமல் வந்தது.

அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் போலீஸ் முகம். கடைசியில் வேட்டி கட்டிக்கொண்டு, தராசும் கையுமாக நின்ற என் முகத்தில் வந்து நின்றார்.

"அண்ணா, இன்னா சொல்லணும்?"

வசனம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். சக நடிகன் தடுமாறினால் எடுத்துக்கொடுப்பதுதானே முறை. குனிந்து, நல்ல மனசோடு சொன்னேன்:

"வேணாம்னு சொல்லுப்பா. அவுங்கள்லாம் வர்றதுக்குள்ள சோறு ஆறிப்பூடும்."

"வேணாம் சார்" என்றார் அவர்.

சட்டையைத் தூக்கினார்கள். இடுப்பைச் சுற்றித் துணிப்பட்டை தைத்துக் கட்டியிருந்தது, அதற்குள் வரிசையாகப் பொட்டலங்கள். நான் எடை போட்டேன். இந்தத் தடவை வாசனையெல்லாம் சேர்த்திருக்கிறீர்களே என்று பாராட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. மேடத்துக்கு முன்னால் பயப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது அந்த ஆள் மெதுவாக என்னிடம் கேட்டார். "அண்ணா, எத்தினி நாள் வச்சிருப்பாங்க?"

"நாள் இன்னா நாளு? சாயந்தரம் அஞ்சு மணிக்கு டீ, பிஸ்கட் குடுத்து அனுப்பிடுவாங்க. எனக்கே ஒம்போது தடவ ஆச்சு."

அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். தோள் இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒன்பது தடவை பிடிபட்டும் நல்லபடியாகக் கடை வைத்திருக்கிற மனுஷனைப் பார்த்த நிம்மதி அது என்று பிறகுதான் புரிந்தது. போனைக் கேட்டு வாங்கி வீட்டுக்குப் பேசினார். சாயந்தரம் வந்துடுவேன், பாப்பாவை மட்டும் ஸ்கூலிலிருந்து நீயே கூப்பிட்டுக்கொள் என்றார்.

போனை வைத்ததும் ஒரு ஏட்டு அவர் கையில் விலங்கு மாட்டினார். சமுதாயக் கூடத்தில் எங்களிடம் விலங்கு கிடையாது. என் ஒன்பது கைதிலும் துண்டால்தான் கட்டினார்கள். நான் விலங்கைப் பார்த்தேன். சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன்.

"நெஜம்ணா" என்றார் அவர்.

பயம் வந்தால் எனக்குக் கால் ஓடும் என்று சொன்னேன் இல்லையா. அன்று ஓடவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. தராசு இன்னும் ஆன் ஆகித்தான் இருந்தது, காலித் தட்டுக்குப் பூஜ்யம் காட்டியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பஸ் வந்தது, ஆட்கள் இறங்கினார்கள், பஸ் போனது.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சப்-இன்ஸ்பெக்டர் மகஜர் எழுதினார். அவருடைய முதல் பெரிய வழக்கு. அந்த முத்துக் கையெழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அந்த அம்மா வாங்கிப் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். அங்கே, எதிரி தன் உரிமையை நன்கு புரிந்துகொண்டு தானாகவே வேண்டாம் என்று கூறினார் என்று இருந்தது. எதிரி என்றால் போலீஸ் எழுத்தில் அக்யூஸ்ட்.

"என் காதுல விழுந்தது வேற" என்றார்.

சப்-இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கவில்லை. அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"நீங்க சொன்னீங்களா, இல்லையா?"

எனக்கு நாக்கு வந்தது, வந்த பிறகு நிற்கவில்லை. விளையாட்டாகச் சொன்னேன் மேடம், பயிற்சி என்று நினைத்தேன் மேடம், நான் வியாபாரி, பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள், அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுங்கள் மேடம் என்று என்னென்னவோ சொன்னேன். இடையில் எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகவும் சொன்னேன். இல்லாத வியாதி. அவர் முழுக்கக் கேட்டார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எழுதுங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டரிடம்.

"எழுதினா அவன் வெளிய வந்துடுவான் மேடம்." அவர் குரல் கெஞ்சியது. "சரக்கு இருந்துச்சே மேடம். நீங்களும் பாத்தீங்களே."

"இருந்துச்சு. அதையும்தான் எழுதியிருக்கு."

அவர் பழைய வரியை அடித்தார். எதிரி அருகில் நின்ற சாட்சியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார், சாட்சி, வேண்டாம் என்று சொல், சோறு ஆறிவிடும் என்றார், அதன் பிறகு எதிரி வேண்டாம் என்றார் என்று எழுதினார். இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த வழக்கைத் தன் கையாலேயே எழுதி முடித்துக்கொண்டிருந்தார். அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. குனிந்திருந்தார்.

முடிந்தது என்று நான் கையெழுத்துப் போடப் போனேன். அந்த அம்மா தாளைத் திரும்ப வாங்கி, இன்னும் ஒரு வரி இருக்கிறது என்றார். அதை அவரே சொல்லி எழுத வைத்தார்: 'அருகில் நின்ற, பயிற்சி அளிக்கும் இன்ஸ்பெக்டர் இதைக் கேட்டார். தடுக்கவில்லை.'

யாரும் அதைக் கேட்கவில்லை. அவர் சொல்லாவிட்டால் அது யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. ஏன் மேடம் தடுக்கவில்லை என்று நான்தான் கேட்டேன், குறை சொல்வதற்காக இல்லை, வாய் அதுவாகவே கேட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார்.

"ரெண்டு நாளா நீங்க அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தீங்க. அந்த நேரத்துக்கு எனக்கும் பயிற்சி மாதிரியே ஆயிடுச்சு. முடிஞ்சதும் பேசிக்கலாம்னு நின்னுட்டேன்."

நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எப்போதும் கோழி கிளறியது மாதிரி இருக்கும். அன்று ஏனோ நன்றாக வந்தது.

ஜீப்பில் ஏறும்போது அந்த ஆள் போலீஸ்காரர்களிடம், அந்த அண்ணன் அஞ்சு மணின்னு சொன்னாரே என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டது.

புதுச்சேரி கோர்ட்டில் சாட்சி சொல்லப் போன நாளில் சப்-இன்ஸ்பெக்டர் வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை, மெலிந்திருந்தார். "ஞாபகம் இல்லன்னு சொல்லிடுணா" என்றார். அப்படிச் சொல்லிவிட்டால், அந்த அம்மா வற்புறுத்தித் தப்பாக எழுத வைத்தார் என்று அரசு வக்கீல் பேசப் பார்க்கலாமாம். வழக்கும் பிழைக்கலாம், என் பெயரும் பிழைக்கலாம். அந்த அம்மா சற்றுத் தள்ளி ஒரு பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். தலையாட்டவோ, கண்ணால் எதுவும் கேட்கவோ இல்லை. பயிற்சி நடக்கும்போது நிற்பாரே, அதே மாதிரி இருந்தார்.

கூண்டில் ஏறினேன். வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேன். சொன்னாயா என்று அந்த ஆளின் வக்கீல் கேட்டார். சொன்னேன் என்றேன். சோறு ஆறிவிடும் என்றாயா என்றார். ஆமாம் என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். மூன்று நாள் எல்லோரையும் சிரிக்க வைக்க நான் பட்ட பாட்டுக்குக் கிடைத்த சிரிப்பில் அதுதான் பெரியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த அம்மாவும் ஏறினார். ஏன் தடுக்கவில்லை என்று அவரைக் கேட்டார்கள். பயிற்சி என்று தோன்றிவிட்டது, தவறு என்னுடையது என்றார். அதற்கும் சிலர் சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை, குனிந்து எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிக்கும்வரை அந்த அம்மா காத்திருந்தார்.

அதற்குப் பிறகு அவரை வகுப்பு எடுக்க யாரும் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். காரைக்காலில் ஏதோ ஒரு ஆபீசில் விண்ணப்பங்கள் சரிபார்க்கிற சீட்டில் போட்டார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. கடைக்கு ஜீப் வந்தால் இப்போதும் மூட்டைக்குப் பின்னால்தான் போய் நிற்கிறேன். ஆனால் நிற்கும்போது மூட்டைகளை எண்ணிவிடுகிறேன்.

அந்த ஆளின் இடுப்பில் சரக்கு இருந்தது. நான்தான் எடை போட்டேன். கோர்ட் அவரை விட்டுவிட்டது. நான் சொன்ன மாதிரி அன்று சாயந்தரம் ஐந்து மணிக்கு இல்லை. பதினான்கு மாதம் ஜெயிலில் இருந்த பிறகு, ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு.